ஊஞ்சல் கொக்கியில் சைக்கிள்: முன் கியர் ஒயர் மாற்றிய அனுபவம்

பிள்ளையார்பட்டி போய்விட்டுத் திரும்பும்போது குன்றக்குடி தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது, பெரிய செயின் வீலுக்கு மாறலாம் என்று இடது லீவரைத் தள்ளினேன், உள்ளே டக்கென்று ஏதோ விட்டுப்போனது. அப்புறம் எவ்வளவு தள்ளினாலும் லீவர் தொளதொளவென்று வருகிறது, செயின் சின்ன செயின் வீலை விட்டு நகரவில்லை. முன் கியர் ஒயர் அறுந்தால் இப்படித்தான் ஆகும். செயினை ஒரு வீலிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளி மாற்றுகிற பாகம்தான் டீரெய்லர், அதில் இருக்கிற ஸ்பிரிங் செயினைச் சின்ன வீல் பக்கமே இழுத்துக்கொள்ளும், அதனால் வேகம் குறைந்தாலும் மிதித்து வீடு வந்துவிடலாம். பின் கியர் ஒயர் அறுந்திருந்தால் பெரும்பாலான சைக்கிள்களில் பின்னால் இருப்பதிலேயே சின்னப் பல்சக்கரத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும், எதிர்க்காற்றில் கால் கடுத்துப்போகும். காரைக்குடி வரைக்கும் 34 பல் உள்ள அந்தச் சின்ன வீலிலேயே வேகவேகமாக மிதித்து வந்தேன்.

இரண்டு வாரமாகவே இடது லீவர் கனமாக இருந்தது. செம்மண் புழுதி ஏறியிருக்கும் என்று நினைத்து எண்ணெய் விட்டேன். அங்கேதான் தவறு செய்தேன். கியர் ஒயர் 19 மெல்லிய கம்பிகளை முறுக்கியது. லீவருக்குள் அது வளைந்து திரும்பும் இடத்தில், ஒயர் முனையில் இருக்கிற உலோகக் குண்டுக்குப் பக்கத்திலேயே, ஒவ்வொரு கம்பியாக அறுந்துகொண்டே வரும். வெளியில் பார்த்தால் ஒயர் பளபளவென்று நன்றாகவே இருக்கும். லீவர் திடீரென்று கனத்தாலோ, ஒரு தடவை தள்ளினால் ஏறுகிற கியர் இரண்டு தடவை கேட்டாலோ, தயவுசெய்து ரப்பர் உறையை மடித்துவிட்டு உள்ளே பாருங்கள்.

பக்கத்துச் சைக்கிள் கடையில் கேட்டேன். அண்ணன் ஒரு பிரேக் ஒயரை எடுத்து நீட்டி, “எல்லாம் ஒயர்தானே தம்பி, போட்டுப் பாரு” என்றார். நல்ல மனிதர், சாதா சைக்கிளில் அவர் கை வைத்தால் பேச்சே இல்லை. ஆனால் பிரேக் ஒயர் 1.5 மில்லிமீட்டருக்குக் குறையாது, குண்டும் பெரியது. கியர் ஒயர் 1.2 மில்லிமீட்டர்தான். ஒயர் உள்ளே ஓடுகிற கருப்பு உறை, அதாவது அவுட்டரும் இரண்டுக்கும் ஒரே மாதிரி இல்லை. பிரேக் அவுட்டரில் கம்பி சுருள் சுருளாக ஓடும், கியர் அவுட்டரில் நீளவாக்கில் ஓடும், இழுத்தால் அமுங்கிக் கொடுக்கக் கூடாது என்பதற்காக. கியர் அவுட்டரைப் பிரேக்குக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள், அழுத்திப் பிடிக்கும்போது பிளந்துகொள்ளும், உயிர் விஷயம். கடைசியில் திருச்சியிலிருந்து வந்த நண்பர் இரண்டு ஸ்டீல் ஒயரும் ஒரு மீட்டர் 4 மில்லிமீட்டர் அவுட்டரும் வாங்கி வந்தார்.

சைக்கிள் ஸ்டாண்டு என்னிடம் இல்லை. முகப்பில் ஊஞ்சல் இருக்கிறது. பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டு, ஒரு பக்கச் சங்கிலியில் சீட்டையும் மறுபக்கச் சங்கிலியில் ஹேண்டில் பாரையும் கயிறு போட்டுக் கட்டினேன். இடுப்பு உயரத்துக்கு அருமையாகத் தொங்கியது, பெடலைக் கையால் சுற்றலாம், பின் சக்கரம் தடையில்லாமல் ஓடுகிறது. கியர் சரிசெய்ய இதுதான் வேண்டும். கீழே ஆத்தங்குடிக் கல் தரை, கிரீஸ் சொட்டினால் அப்பத்தா மனசு தாங்காது, அதனால் சாக்கு விரித்துக்கொண்டேன்.

உண்மையான வேலை அறுந்த குண்டை வெளியே எடுப்பதுதான். ஒயரை மாற்றக்கூட அவ்வளவு நேரம் ஆகவில்லை, இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. முதலில் கியரை இறக்குகிற சின்ன லீவரை இரண்டு மூன்று தடவை தட்டி, சின்ன செயின் வீல் நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அப்போதுதான் குண்டு உட்கார்ந்திருக்கும் குழி ஓட்டைக்கு நேராக வரும். என் குண்டில் நான்கைந்து கம்பி முள் மாதிரி பிரிந்து உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் லீவரை மறுபடி மறுபடி அமுக்கக் கூடாது, அமுக்கினால் கம்பித் துண்டு இன்னும் ஆழத்துக்குப் போய்ச் சிக்கிக்கொள்ளும். அப்பத்தா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவர், “என்ன அப்பு, முள்ளா எடுக்குறே?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய் கோணி ஊசியைக் கொண்டு வந்து கொடுத்தார். அதன் வளைந்த முனையால் குண்டை அடியிலிருந்து நெம்பி, மயிரிழை மாதிரி இருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக இழுத்தேன். எல்லாவற்றையும் ஒரு தாளில் எடுத்து வைத்து எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாதே.

அப்புறம் புது ஒயர் சரசரவென்று போய்விட்டது. நுனியை மட்டும் வெட்டவே கூடாது, பிரிந்துவிட்டால் அவுட்டருக்குள் நுழையாது. பெடல் அச்சுக்கு அடியில் ஒயர் ஓடுகிற பிளாஸ்டிக் வழிகாட்டியைத் திருப்பிப் பார்த்தால், செம்மண் இறுகிச் செங்கல் மாதிரி இருக்கிறது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். பழைய அவுட்டரை அளவாக வைத்துப் புதியதை கிரில் பட்டறையில் கிரைண்டரால் வெட்டிக்கொண்டு வந்தேன். உள் குழாய் உருகி வாய் மூடிக்கொண்டது, அதைத் திறக்கவும் கோணி ஊசிதான் உதவியது.

ஒயரை மாட்டுவதற்கு முன்பே டீரெய்லர் உள்பக்கம் எதுவரை போகலாம் என்று நிறுத்துகிற, எல் என்று போட்டிருக்கும் ஸ்குரூவைச் சரிபார்க்க வேண்டும். முன்னால் சின்ன வீல், பின்னால் பெரிய பல்சக்கரம், இந்த நிலையில் டீரெய்லரின் உள்தகடுக்கும் செயினுக்கும் அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். அப்புறம் ஒயரின் விறைப்பைக் கூட்டிக் குறைக்கிற அட்ஜஸ்டர் திருகை முழுக்க உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே விட்டு, ஒயரை பிளையரால் விறைப்பாக இழுத்துப் பிடித்து 5 மில்லிமீட்டர் எல் கீயால் இறுக்கினேன்.

பெரிய வீலுக்கு ஏறவே இல்லை. ஒயரை இன்னும் இழுத்துக் கட்டினேன், அப்போதும் பாதி ஏறி உரசுகிறது. அரை மணி நேரம் ஸ்குரூவோடு மல்லுக்கட்டிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், போல்ட்டுக்கு அடியில் ஒயருக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் அதற்கு மறுபக்கத்தில் மாட்டியிருக்கிறேன்! அதனால் லீவர் இழுக்கிற அளவுக்கு டீரெய்லர் நகரவில்லை. பள்ளத்தில் வைத்து இறுக்கியதும் முதல் தடவையிலேயே ஏறியது. ஏறியது சரி, அடுத்த சுற்றில் செயின் வெளியே விழுந்து கிராங்கில் உரசியது. வெளிப்பக்கம் எதுவரை போகலாம் என்று நிறுத்துகிற எச் ஸ்குரூவைக் கால் சுற்று கால் சுற்றாக உள்ளே திருகி அதையும் நிறுத்தினேன்.

முடிந்துவிட்டது என்று ஒயரை உடனே வெட்டிவிடாதீர்கள். கீழ்க் குழாய் ஓரம் வெளியே தெரிகிற ஒயரைப் பிடித்து நாண் மாதிரி நாலைந்து தடவை வெளிப்பக்கம் இழுங்கள், தொய்வு தெரியும். ஒயர் நீண்டுவிட்டது என்பார்கள், பெரும்பாலும் அவுட்டர் முனைகளும் குண்டும் தங்கள் இடத்தில் அமர்வதுதான் அது. திரும்ப இழுத்து இறுக்கி, நாலு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, நுனிக்கு அலுமினியத் தொப்பி போட்டு நசுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே பிள்ளையார்பட்டி ரோடு. போய்ச் சேர்வதற்குள் செயின் லேசாக உரச ஆரம்பித்தது, அட்ஜஸ்டரை அரைச் சுற்று வெளியே விட்டேன், அடங்கிவிட்டது. குன்றக்குடி தாண்டி, ஒயர் அறுந்த அதே இடத்தில் லீவரைத் தள்ளினேன், ஒரு தட்டில் பெரிய வீலுக்கு ஏறியது, மனசு நிறைந்துபோனது.

வீட்டுக்கு வந்ததும் வலது பக்க ரப்பரையும் மடித்துப் பார்த்தேன். குண்டுக்குப் பக்கத்தில் இரண்டு கம்பி அறுந்து நிற்கிறது. இரண்டாவது ஒயர் கையில் இருக்கிறது. ஊஞ்சல் பலகையை இன்னும் ஒரு வாரம் மாட்ட வேண்டாம் என்று அப்பத்தாவிடம் சொல்லிவிட்டேன்.