தங்கையின் டிசைன் படிப்புக்கு லேப்டாப் தேடியபோது

கேரள-தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்குப் பெரிய பொருள் எதை வாங்குவதென்றாலும், மேற்கே பாலக்காட்டுக்குப் போவதா, வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்குப் போவதா என்ற யோசனை வந்துவிடும். தங்கை கிராஃபிக் டிசைன் படிப்பில் சேர்ந்து லேப்டாப் தேவைப்பட்டபோதும் அப்படித்தான் ஆயிற்று. ஜி.எஸ்.டி. இரு மாநிலங்களிலும் ஒன்றேயாதலால், நாங்கள் கொண்டுவரும் படங்களைத் திரையில் போட்டுப் பார்க்க எந்தக் கடை அனுமதிக்கிறதோ அங்கே வாங்குவது என்று முடிவு செய்தோம்.

கடைகளில் பிராசஸரைப் பற்றியும் கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றியும் நிறையச் சொல்கிறார்கள். திரையைப் பற்றிக் கேட்டால் ‘ஃபுல் எச்.டி.’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வண்ணத்தோடு வேலை செய்யப்போகிறவருக்கு அது போதாது. ஒரு திரை எவ்வளவு வண்ணங்களைக் காட்டும் என்பதை என்.டி.எஸ்.சி., எஸ்.ஆர்.ஜி.பி. என்ற அளவுகோல்களில் சதவீதமாகச் சொல்வார்கள். விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் இருப்பது 45 சதவீத என்.டி.எஸ்.சி. திரை, இணையத்துக்கும் பொதுவான டிசைன் வேலைக்கும் அடிப்படையான எஸ்.ஆர்.ஜி.பி. வண்ணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அதனால் காட்ட முடியாது. 72 சதவீத என்.டி.எஸ்.சி. என்றோ, 100 சதவீத எஸ்.ஆர்.ஜி.பி. என்றோ குறித்திருந்தால் அந்தக் குறை பெரும்பாலும் இராது. ஐ.பி.எஸ். என்ற திரை வகையின் முத்திரையை மட்டும் நம்பவும் கூடாது, ஏனெனில் அது பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது வண்ணம் மாறாதிருப்பதற்கே உதவுகிறது. ஒரே மாடலை வெவ்வேறு திரைகளோடு விற்பதும் உண்டு என்பதால், பெட்டியின் மேலுள்ள முழு மாடல் எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் விவரப் பட்டியலில் சரிபார்த்தோம்.

தங்கை பென்டிரைவில் கொண்டுபோன படங்களில் கசவுப் புடவை கட்டிய ஒரு பெண்ணின் படமும் இருந்தது. இதைவிடக் கறாரான தேர்வாளர் எங்கள் பக்கத்தில் கிடைப்பது அரிது! நைட் லைட், பேட்டரி சேவர் இரண்டையும் அணைத்து, வெளிச்சத்தைச் சமமாக்கி, இரண்டு லேப்டாப்களை அருகருகே வைத்தபோது, ஒன்றில் புடவையின் சந்தன நிறம் வெறும் வெள்ளையாகவும் ஜரிகை மண் நிறமாகவும் தெரிந்தன. மற்றொன்றில் இரண்டும் பிரிந்து தெரிந்தன. அதற்குமேல் விற்பனையாளரும் வாதிடவில்லை.

மற்றவற்றை முடிவு செய்ய அதிக நேரம் ஆகவில்லை. ஃபோட்டோஷாப்புக்கு அடோபி குறைந்தபட்சமாக 8 ஜி.பி. ராமும் பரிந்துரையாக 16 ஜி.பி.யும் சொல்வதால் 16 என்றே வைத்துக்கொண்டோம். ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால் பின்னர் கூட்ட முடியாது என்பதால், காலி ஸ்லாட் உள்ளதா என்றும் கேட்டோம். கோப்புகளைச் சேமிக்க 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும் என்று தோன்றியது. கேமிங் லேப்டாப்பை நண்பர்கள் வற்புறுத்தினார்கள். முப்பரிமாண வேலைக்கும் கனமான வீடியோ வேலைக்கும் தனி கிராஃபிக்ஸ் கார்டு பயன்படும் என்பது உண்மைதான். ஆனால் இல்லஸ்ட்ரேட்டரிலும் ஃபோட்டோஷாப்பிலும் போஸ்டர் செய்யும் மாணவி, அத்தனை கனத்தையும் பெரிய சார்ஜரையும் தினமும் பேருந்தில் சுமப்பது வீண் என்று நான் கருதினேன். மேக்புக் எங்கள் பட்ஜெட்டுக்குள் வரவில்லை.

இறுதியில் கோயம்புத்தூரில், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத, 100 சதவீத எஸ்.ஆர்.ஜி.பி. திரையுள்ள ஒன்றை வாங்கினோம். திரை ஒளியால் காட்டும் நிறத்தை அச்சு மையால் அப்படியே கொண்டுவர முடியாதாகையால், அச்சுக்குப் போகும் கோப்புகளைத் தங்கை அச்சு மைகளுக்கான நான்கு வண்ண முறையான சி.எம்.ஒய்.கே.க்கு மாற்றி, ஒரு மாதிரிப் பிரதி எடுத்துப் பார்த்த பிறகே அச்சகத்துக்கு ஒப்புதல் தருகிறாள்.