அம்பையில் ஒரு ஓட்ஸ் பீர்

ஆனி பிறந்து சாரல் பிடித்துவிட்டால் அம்பாசமுத்திரம் போக எனக்குத் தனிக் காரணம் வேண்டாம். திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டை வண்டியில் ஏறி, சேரன்மகாதேவியைத் தாண்டினால் மேற்கே மலை கிட்டே வந்துவிடும். கார் நடவு முடிந்த வயல்கள், வாய்க்கால் நிறையத் தண்ணீர். கல்லிடைக்குறிச்சிக்கு அடுத்த ஸ்டேஷன் அம்பை.

இந்த முறை அத்தானும் ஊருக்கு வந்திருந்தார். அவருக்கு இங்கிலாந்தில் யார்க்ஷயர் பக்கம் வேலை. பெட்டியில் துணிக்கு நடுவே சுருட்டி, டாட்காஸ்டர் என்ற ஊரில் காய்ச்சும் சாமுவேல் ஸ்மித் ஓட்மீல் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் பாட்டில்களைக் கொண்டுவந்திருந்தார். 1758இல் தொடங்கிய ஆலை அது. பழைய கிணற்றுத் தண்ணீரில் காய்ச்சி, கல் தொட்டிகளில் நொதிக்க விடுகிறார்கள். ஓட்ஸ் போட்ட ஸ்டவுட் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உடம்புக்குத் தெம்பு என்று விற்று, பிறகு வழக்கொழிந்துபோன சரக்கு. 1980இல் ஓர் அமெரிக்க இறக்குமதியாளர் கேட்டதால் இந்த ஆலை அதைத் திரும்பவும் காய்ச்ச ஆரம்பித்தது.

காலையில் பாபநாசம் போய் அகஸ்தியர் அருவியில் குளித்தோம். மத்தியானம் சாப்பாடு, தூக்கம். சாயங்காலம் மொட்டை மாடி.

பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறக்கப் போனேன். “இரு மாப்ள, கொஞ்ச நேரம் வெளிய கிடக்கட்டும்” என்றார் அத்தான். இந்த வகை பீரை 13 டிகிரி வாக்கில் குடிக்க வேண்டுமாம். பல் கூசும் குளிரில் அதன் வாசனை எழும்பாது. சாரல் காற்று இருந்தும் பாட்டிலில் முத்து முத்தாக வேர்த்து, லேபிள் நனைந்த பிறகுதான் மூடியைத் திறந்தார்.

டம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினார். கன்னங்கறுப்பு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஓரத்தில் மட்டும் செம்பழுப்பு தெரிகிறது. நுரை வெள்ளையாக இல்லை, லேசான பழுப்பு. சாதாரண பீர் நுரை போலச் சடசடவென்று உடையாமல் அப்படியே நின்றது. ஒவ்வொரு வாய்க்கும் டம்ளரின் உள்பக்கம் ஒரு வளையம் படிந்துகொண்டே வந்தது.

முதல் வாயில் கசப்பு. வறுத்த பார்லியின் கசப்பு அது, நிறமும் அதிலிருந்து வருவதுதான். பால் விடாத கருப்பட்டிக் காப்பியின் அடியில் தங்கும் அந்தக் கசப்பும் இனிப்பும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தன. அப்புறம்தான் ஓட்ஸின் வேலை தெரிகிறது. ருசியில் அது எங்கேயும் தனியாகத் தலைகாட்டவில்லை. நாக்கின் மேல் வழுவழுவென்று பரவி, கசப்பு தொண்டையைக் கீறாமல் இறங்குகிறது. 5 சதவீத ஆல்கஹால்தான், ஆனால் கனமான ஏதோ ஒன்றைக் குடித்த நிறைவு.

“ஓட்ஸுன்னா சுகர்காரங்க காலையில காய்ச்சிக் குடிக்கதுல்லா? அதுலயா பீரு?” என்று மாமா கேட்டார். முழுக்க ஓட்ஸில் இல்லை. மால்ட் என்கிற முளைகட்டிக் காயவைத்த பார்லியோடு பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்குதான் சேர்ப்பார்கள். ஓட்ஸில் உள்ள பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்துதான் கஞ்சியைக் குழகுழப்பாக்குவது. பீருக்கு வழுவழுப்பைக் கொடுப்பதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அளவு கூடினால் தானியக் கரைசல் பசை மாதிரி ஆகி, வடிகட்டும்போது அடைத்துக்கொள்ளும். பார்லியின் தோல்தான் சல்லடையாக நின்று சாற்றை வடிய விடும். அவல் மாதிரி தட்டிய ஓட்ஸில் தோல் இருக்காது. அதனால் காய்ச்சுகிறவர்கள் நெல் உமியைக் கலந்துகொள்வது உண்டு.

மாமா ஆயுசு பூராவும் ரைஸ் மில்லில் கணக்கு எழுதியவர். “உமியா? நம்ம நெல்லு உமியா?” என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நெல் அவிக்க அடுப்பில் போட்டு எரிக்கிற உமிக்கு இப்படி ஒரு வேலை இருப்பது அவருக்குப் பெரிய சந்தோஷம். உமியில் ருசி இறங்காதா, கழுவிப் போடுவார்களா, எவ்வளவு போடுவார்கள் என்று அத்தானைத் துளைத்து எடுத்துவிட்டார்.

தொட்டுக்கொள்ளக் கல்லிடைக்குறிச்சி அப்பளம். மதினி சுடச்சுடப் பொரித்துக் கொடுத்தாள். அந்த உப்புக்கும் உளுந்து வாசனைக்கும் இந்தக் கறுப்பு பீர் அத்தனை பொருத்தம். சிக்கன் அறுபத்தைந்தின் காரத்துக்கு முன்னால் இது எடுபடாது என்பது என் அபிப்பிராயம்.

எனக்கு ஓர் ஆசை. உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, கூடக் கொஞ்சம் ஓட்ஸும் சேர்த்து இங்கேயே ஒரு ஸ்டவுட் காய்ச்ச வேண்டும். 1987 முதல் கள்ளுக்கே தடை இருக்கும் பனங்காட்டு நாடு இது, உடனே நடக்காது என்று தெரியும். ஆனாலும் அன்று ராத்திரி எவ்வளவு கருப்பட்டி, எந்தக் கட்டத்தில் போடுவது என்று அத்தானும் நானும் ரொம்ப நேரம் பேசினோம். கொதியின் கடைசியில் போட்டால்தான் அதன் வாசனை கொஞ்சமாவது தங்கும் என்பது அத்தான் கட்சி. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.