'மறுத்தான்' என்றால் ரெஃப்யூஸா, டினையா?

ஆங்கில இலக்கணப் புத்தகங்களில் ஜெரண்ட் ('இங்' சேர்ந்த வடிவம்), இன்ஃபினிட்டிவ் ('டு' சேர்ந்த வடிவம்) பாடம் என்றாலே ஒரு பட்டியல்தான். என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ் வந்தால் பின்னால் 'இங்'. வான்ட், டிசைட், ஹோப் வந்தால் 'டு'. தேர்வுக்கு அது போதும். பேச வாயெடுக்கும்போது பட்டியல் கைகொடுக்காது. இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி தமிழிலேயே இருக்கிறது. அங்கிருந்து தொடங்குவது சுலபம்.

'வர மறுத்தான்', 'எடுத்ததை மறுத்தான்' இரண்டையும் பாருங்கள். முதலாவதில் வருவது நடக்கவே இல்லை: 'ஹி ரெஃப்யூஸ்ட் டு கம்.' இரண்டாவதில் எடுத்ததாகச் சொல்லப்படும் செயல் பின்னால் கிடக்கிறது, பேச்சு அதைப் பற்றியது: 'ஹி டினைட் டேக்கிங் இட்.' ஒப்புக்கொள்வதும் அப்படித்தான். 'வர ஒப்புக்கொண்டான்' என்றால் 'அக்ரீட் டு கம்', 'எடுத்ததை ஒப்புக்கொண்டான்' என்றால் 'அட்மிட்டட் டேக்கிங் இட்'. தமிழில் ஒரே வினை, ஆங்கிலத்தில் இரண்டு. ஆனால் முன்னால் வரும் சொல்லின் வடிவம் 'டு'வா 'இங்'கா என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

வர, போக, வாங்க என்று 'செய' வாய்பாட்டு எச்சமாக இருந்தால் பெரும்பாலும் 'டு'. செயலே பெயராகி எடுத்ததை, போவதை என்று 'ஐ' உருபு ஏற்றால் பெரும்பாலும் 'இங்'.

இரண்டு வடிவமும் ஏற்று அர்த்தம் மாறும் வினைகளில்தான் இது அதிகம் உதவும். 'கதவைப் பூட்ட மறந்துவிட்டேன்' என்றால் பூட்டவில்லை: 'ஐ ஃபர்காட் டு லாக் த டோர்.' 'கதவைப் பூட்டியது ஞாபகம் இருக்கிறது' என்றால் பூட்டியாயிற்று: 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்.' ஸ்டாப் விஷயத்தில் தவறினால் சிக்கல் பெரிது. டாக்டரிடம் 'ஐ ஸ்டாப்ட் டு டேக் த டேப்லெட்ஸ்' என்றால், மாத்திரை போடுவதற்காக மற்ற வேலையை நிறுத்தினேன் என்று பொருள். சொல்ல வந்ததற்கு நேர் எதிர். மாத்திரை போடுவதை நிறுத்தினேன் என்பதற்கு 'ஸ்டாப்ட் டேக்கிங்'.

ட்ரை இன்னும் நுணுக்கம். 'ஜன்னலைத் திறக்க முயன்றேன்' என்றால் அது இறுகிக்கொண்டிருந்திருக்கலாம்: 'ட்ரைட் டு ஓபன்.' 'ஜன்னலைத் திறந்து பார்த்தேன், புழுக்கம் போகவில்லை' என்றால் ஜன்னல் திறந்துவிட்டது, பலன்தான் இல்லை: 'ட்ரைட் ஓபனிங்.' இந்தத் 'திறந்து' மாதிரியான எச்சமும் பெரும்பாலும் 'இங்' பக்கம்தான். படித்து முடித்தேன், 'ஃபினிஷ்ட் ரீடிங்'. பேசிக்கொண்டே இருந்தான், 'கெப்ட் டாக்கிங்'.

'வதாக' வந்தால் மட்டும் ஏமாறக் கூடாது. வருவதாக வாக்குக் கொடுத்தான், 'ப்ராமிஸ்ட் டு கம்'. வழக்குப் போடுவதாக மிரட்டினான், 'த்ரெட்டன்ட் டு ஸூ'. இன்னும் நடக்காத செயல், அதனால் 'டு'.

இந்த வழி கைவிடும் இடங்களும் உண்டு. 'அவன் வருவதை எதிர்பார்க்கிறேன்' என்பதில் 'ஐ' இருந்தும் 'எக்ஸ்பெக்ட் ஹிம் டு கம்' என்றுதான் வரும். 'பார்க்கத் தகுந்த படம்' என்பது 'வொர்த் வாட்சிங்'. 'நீந்தப் பழகு' என்று ப்ராக்டிஸ் போட்டுச் சொன்னால் 'ப்ராக்டிஸ் ஸ்விம்மிங்'. லெட், மேக் இரண்டுக்கும் 'டு'வே கிடையாது: 'லெட் ஹிம் கோ', 'மேட் மீ வெயிட்'. ஆனால் செயப்பாட்டுவினையில் 'ஐ வாஸ் மேட் டு வெயிட்' என்று 'டு' திரும்பிவிடும்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது சஜஸ்ட்டில். வாங்கச் சொன்னார் என்ற நினைப்பில் 'ஹி சஜஸ்டட் மீ டு பை' என்று எழுதிவிடுகிறோம். சஜஸ்டுக்குப் பின் அந்த 'மீ டு' நிற்காது. 'சஜஸ்டட் பையிங் இட்' அல்லது 'சஜஸ்டட் தட் ஐ பை இட்' என்று எழுத வேண்டும். 'மீ டு' இல்லாமல் முடியாது என்றால் வினையை மாற்றி 'அட்வைஸ்ட் மீ டு பை' என்று போட்டுவிடுங்கள்.

இன், வித்தவுட் மாதிரியான ப்ரிபொசிஷனுக்குப் பின் 'இங்'தான், இதில் யோசிக்கவே வேண்டாம். சமைப்பதில் ஆர்வம் என்றால் 'இன்ட்ரஸ்டட் இன் குக்கிங்', சொல்லாமல் என்றால் 'வித்தவுட் டெல்லிங்'. குழப்பம், 'டு'வே ப்ரிபொசிஷனாக வேஷம் போடும்போது. அலுவலகக் கடிதங்களில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று வருவது அதனால்தான். சோதிக்க ஒரு வழி: 'டு'வுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' பொருந்துகிறது. அப்படியானால் அங்கே 'மீட்டிங் யூ'. 'வான்ட் டு யுவர் ரிப்ளை' பொருந்தவில்லை. அங்கே வெறும் 'மீட்'. 'யூஸ்ட் டு' இரண்டு விதம்: 'ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்' என்றால் ஒரு காலத்தில் எழுந்துகொண்டிருந்தேன், 'ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் அட் ஃபைவ்' என்றால் ஐந்து மணிக்கு எழுந்து பழகிவிட்டது.