ஆபர்னுக்கு அதிர்ஷ்டம் எத்தனை முறை அடித்தது?

ஆபர்ன் பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணியின் 2013ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலோர் அதே மாநிலத்துப் பரம எதிரியான அலபாமா பல்கலைக்கழக அணிக்கு எதிரான அந்தக் கடைசி ஓட்டத்தைச் சொல்லிவிட்டு, அது அதிர்ஷ்டக்கார அணி என்று முடித்துக்கொள்கிறார்கள். அந்த ஆட்டங்களின் பதிவுகளை மீண்டும் மீண்டும் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதில் பாதி உடன்பாடுதான் உண்டு.

முந்தைய ஆண்டு அந்த அணி 12 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே வென்றது. அமெரிக்கத் தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் எஸ்இசி பிரிவுக்குள் ஆடிய எட்டு ஆட்டங்களிலும் தோற்று, கடைசியில் அலபாமாவிடம் 49-0 என்று மண்ணைக் கவ்வியது. புதிய தலைமைப் பயிற்சியாளராக வந்த கஸ் மால்சான், ஒரு காலத்தில் ஜார்ஜியா பல்கலைக்கழக அணியில் தற்காப்பு வீரராக இருந்த நிக் மார்ஷலை, பந்தை வாங்கித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஆக்கினார். மார்ஷலும், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கான டிரே மேசனும் சேர்ந்து ஆடிய ஆட்டம் பார்க்க எளிமையானது, தடுக்கக் கடினமானது: எதிரணியின் ஓரத்துத் தற்காப்பு வீரர் ஒருவரை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டுவிடுவார்கள், மேசனின் வயிற்றருகே பந்தை நீட்டியபடியே மார்ஷல் அந்தத் தற்காப்பு வீரரைக் கவனிப்பார், அவர் மேசனை நோக்கிப் பாய்ந்தால் பந்தைத் தானே எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடுவார், தயங்கி நின்றால் மேசனிடமே விட்டுவிடுவார். ஓட்டத்தில் சராசரியாக ஆட்டத்துக்கு 328 யார்டு எடுத்து நாட்டிலேயே முதலிடம் பிடித்த அணியை வெறும் அதிர்ஷ்டக்கார அணி என்று எப்படிச் சொல்வது?

நவம்பர் 16 அன்று ஜார்ஜியாவை வென்றது அதிர்ஷ்டம்தான், அதை நான் மறுக்கவில்லை. கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் 18 யார்டு தேவைப்பட்ட நிலையில் மார்ஷல் வீசிய பந்தைப் பிடிக்க ஜார்ஜியாவின் இரண்டு வீரர்கள் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். அவர்கள் கையில் பட்டுத் தெறித்த பந்து ஆபர்னின் ரிக்கார்டோ லூயிஸிடம் போய் விழுந்தது. 73 யார்டு டச் டவுன், அதாவது பந்து எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிவிட்டது; ஆட்டம் 43-38.

இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 30 அன்று, ஜோர்டான்-ஹேர் மைதானத்தில் நடந்ததை அதே கணக்கில் சேர்க்க முடியாது. 28-28 என்றிருக்கையில் நேரம் முடிந்துவிட்டதாகக் கடிகாரம் காட்டியது. அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சேபன் வாதாடி ஒரு வினாடியைத் திரும்பப் பெற்று, 57 யார்டு ஃபீல்ட் கோலுக்கு, அதாவது பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்க, ஆளை அனுப்பினார். மால்சான் டைம்-அவுட் எடுத்து, வேகமாக ஓடக்கூடிய கிறிஸ் டேவிஸைக் கோல் கம்பங்களுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தினார். குறை தூரத்தில் விழும் பந்தை எதிரணி பிடித்துக்கொண்டு ஓடலாம் என்பது விதி. உதைக்கும் அணியில் நிற்பவர்களோ பெரும்பாலும் தடுப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பருத்த உடல்காரர்கள். டேவிஸ் பந்தைப் பிடித்து, இடப்பக்கக் கோட்டை ஒட்டி 109 யார்டு ஓடியபோது, அவரைத் துரத்தியவர்களைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆட்டம் 34-28 என முடிந்தது.

எஸ்இசி இறுதியாட்டத்தில் மிசூரியை 59-42 என்று வென்றார்கள். மேசன் மட்டும் 304 யார்டு ஓடினார். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு இன்றும் ஒரு குறை.

2014 ஜனவரி 6 அன்று பாசடீனாவில் நடந்த தேசிய இறுதியாட்டத்தில் ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராக முதலில் 21-3 என்று முன்னிலை பெற்ற ஆபர்ன், பிறகு அதை இழந்து, 79 வினாடிகள் மீதமிருக்கையில் மேசனின் 37 யார்டு ஓட்டத்தால் 31-27 என்று மீண்டும் முந்தியது. ஃபுளோரிடா ஸ்டேட் கோல் கோட்டை நெருங்கியபோது, பந்தைப் பிடிக்க வந்தவரை இடையூறு செய்ததாக ஆபர்னுக்கு எதிராக நடுவர் கொடி வீச, பந்து இரண்டு யார்டு கோட்டுக்குச் சென்றது. அடுத்த வீச்சிலேயே, 13 வினாடிகள் இருக்கையில், ஃபுளோரிடா ஸ்டேட்டின் கெல்வின் பெஞ்சமின் டச் டவுன் அடித்து 34-31 என்று முடித்துவைத்தார். நடுவர் கொடி வீசியது கிறிஸ் டேவிஸ் மீது.