3 நிமிடத்துக்கு 100 கஜம்: குண்டுத்திரையை வரைந்து பார்த்தேன்

மூன்று ஞாயிறுகளாகச் சாப்பாட்டு மேசை என் வசம். முதல் உலகப் போரில் ஆலன் புரூக் என்ற பிரிட்டிஷ் பீரங்கி அதிகாரி கையாண்ட ‘தவழும் குண்டுத்திரை’யை வரைபடத்தாளில் போட்டுப் பார்க்கிறேன்.

இரண்டாம் போரில் தரைப்படையின் தலைமையில் இருந்தவர், சர்ச்சிலோடு ஓயாமல் மல்லுக்கட்டியவர் என்றே புரூக்கைப் பலரும் அறிவார்கள். எனக்கு அவருடைய தொடக்கம்தான் பிடிக்கும். 1902இல் வுல்விச் ராணுவக் கல்லூரியில் பயின்று பீரங்கிப் படைக்கு வந்தார், இந்தியாவிலும் பணியாற்றினார். 1914இல் போர் மூண்டபோது தேனிலவில் இருந்தார். பிரான்சில் கிடைத்த முதல் வேலையோ செகந்திராபாத் குதிரைப்படைப் பிரிகேடுக்கு வெடிமருந்து கொண்டுபோவது! 1916இல் சோம் சண்டையின்போது 18ஆவது டிவிஷனில் பீரங்கிகளுக்கான திட்டம் போடும் இடத்தில் இருந்தார். பிரெஞ்சுக்காரர்களின் இந்தத் தவழும் திரை முறையை அங்கே புகுத்தினார். அவர் வளர்ந்தது பிரான்சில். அந்த மொழி கைகொடுத்திருக்கும் என்பது என் ஊகம்.

முறை இதுதான். எறிகணைகள் ஒரு கோட்டில் விழும். குறித்த நேரத்தில் அந்தக் கோடு முன்னே தாவும். காலாட்படை அதை ஒட்டியே நடக்கும். 1917 ஏப்ரல் 9 காலை 5.30க்கு வடக்குப் பிரான்சின் விமி முகட்டில் கனடியர்கள் தாக்கியபோது, வேகம் 3 நிமிடத்துக்கு 100 கஜம். அந்தக் குண்டுத்திரைத் திட்டத்திலும் புரூக்கின் கை உண்டு.

முதல் ஞாயிறு வீண். அடிக்கோல் வைத்து நேர்கோடுகளாக இழுத்துவிட்டேன். பதுங்குகுழி வளைந்து போகிறது; என் இடப்பக்கக் குண்டுகள் சொந்த ஆட்கள் தலையிலேயே விழுந்தன. அடுத்த வாரம் குழியின் வளைவுக்கு ஏற்றபடி பத்துக் கோடுகள் வரைந்தேன்.

பிறகு சண்டை. நீல நூல்தான் குண்டுத்திரை, பத்து மொச்சைக் கொட்டைகள் சிப்பாய்கள். ஒவ்வொரு தாவலுக்கும் ஒவ்வொரு கொட்டைக்கும் மகள் பகடை உருட்டினாள். 1 அல்லது 2 விழுந்தால் சேற்றில் சிக்கியதாகக் கணக்கு.

“அப்பா, நூலைக் கொஞ்சம் நிறுத்துங்கள், என் ஆட்கள் வரட்டும்!”

நிறுத்த முடியாது, அட்டவணை அப்படி. நூல் பத்தாவது கோட்டைத் தொட்டபோது அதனோடு ஒரு கொட்டைகூட இல்லை. பெரும்பாலானவை மூன்று, நான்கு கோடுகள் பின்தங்கிக் கிடந்தன. ஒரு கோட்டுக்கு 3 நிமிடம் என்றால், 9 முதல் 12 நிமிடம். குண்டுத்திரை கடந்துபோனதும் ஜெர்மானியர்கள் நிலத்தடி அறைகளிலிருந்து ஏறிவந்து இயந்திரத் துப்பாக்கியை நிறுத்த அது தாராளம். பீரங்கிக்காரனின் கணக்கில் கடினமானது குண்டின் தூரம் அல்ல, கண்ணுக்குத் தெரியாத எவனோ ஒருவனின் நடை என்று அப்போது உறைத்தது. 1942இல், தயாராகாமல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சில் இறங்கக் கூடாதென்று அமெரிக்கர்களிடம் புரூக் பிடிவாதமாக நின்றார். அந்தப் பிடிவாதத்துக்குள் பழைய பீரங்கிக்காரன்தான் இருந்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் ஞாயிறு, நான்காவது கோட்டில் நூலை நான்கு தாவல் நேரம் நிறுத்தினேன். விமியிலும் ஒவ்வோர் இலக்குக் கோட்டிலும் திரை இப்படிக் காத்திருந்தது. ஒன்பது கொட்டைகள் வந்து சேர்ந்தன. மகளுக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்குத்தான் உறுத்தல்: அந்த 12 நிமிடம் பின்னால் இருக்கும் எதிரிக்கும் கிடைக்கிறதே?

அடுத்து, எதிரிக்கும் பகடை கொடுக்க வேண்டும். மொச்சை நேற்றே குழம்பில் போய்விட்டது, இனிப் புளியங்கொட்டைதான்.