பிஓஇ வைவா: ஒரே ஹெட்டரில் இரண்டு பாய்லர்

பிஓஇ (பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர்) தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். எழுத்துத் தேர்வு கணக்கு போட்டுப் பழகினால் தாண்டிவிடலாம். வைவா, அதாவது நேர்முக வாய்மொழித் தேர்வுதான் ஆளைப் பார்க்கும், அதிலும் என்னைக் கரையேற்றியது ஒரே கேள்வி: 10.5 கிலோ அழுத்தப் பாய்லரும் 17.5 கிலோ அழுத்தப் பாய்லரும் (ச.செ.மீ.க்கு கிலோ கணக்கு) ஒரே ஹெட்டரில், அதாவது பொது நீராவிக் குழாயில் ஓடினால், அழுத்தம் மீறும்போது நீராவியை வெளியே விடும் சேஃப்டி வால்வை எவ்வளவில் செட் செய்வீர்கள்?

அந்தந்த சர்டிஃபிகேட்டில் உள்ள அழுத்தத்துக்கு என்று பட்டென்று சொல்லத் தோன்றும். தனியாக நிற்கும் பாய்லருக்கு அது சரி. நான் பேப்பர் கேட்டு வாங்கி, டிரம்மிலிருந்து (பாய்லரில் தண்ணீரும் நீராவியும் இருக்கும் கலம்) ஹெட்டர் வரை கோடு போட்டு, வால்வுகளைக் குறித்த பிறகுதான் வாயைத் திறந்தேன். படம் வரைந்தால் நீராவி எந்தப் பக்கம் பாயும் என்று தானாகவே தெரிந்துவிடும்: அழுத்தம் கூடிய பெரிய பாய்லரிலிருந்து குறைந்த சின்ன பாய்லருக்கு.

அடுத்து கட்டாயம் கேட்பார்கள்: நீராவியை ஒரே பக்கம் மட்டும் விடும் நான் ரிட்டர்ன் வால்வு இருக்கிறதே, போதாதா? போதாது. அது ஒட்டிக்கொண்டால் பெரிய பாய்லரின் நீராவி சின்னதுக்குள் வரும், ஆனால் சின்ன பாய்லரின் சேஃப்டி வால்வு தன் சொந்த உற்பத்தியை வெளியேற்றும் அளவுக்குத்தான் போட்டிருக்கும். உதாரணத்துக்கு, மணிக்கு 3 டன் நீராவி தரும் பாய்லரின் வால்வு பக்கத்திலிருந்து வரும் 8 டன்னையும் சேர்த்துத் தள்ளாது. செட்டிங் சரியாக இருந்தாலும் கொள்ளளவு பத்தாது, இதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அமெரிக்க நேஷனல் போர்டு கோடு, இப்படி இணைந்த பாய்லர்களின் குறைந்தபட்ச செட்டிங்குகளுக்குள் வித்தியாசம் 6 சதவீதத்தைத் தாண்டினால் குறைந்த அழுத்தப் பக்கம் கூடுதல் சேஃப்டி வால்வு கேட்கிறது. நம் கேள்வியில் வித்தியாசம் 60 சதவீதத்துக்கும் மேல்!

தீர்வு இரண்டு. பெரிய பாய்லர் லைனில் பிரஷர் ரெடியூசிங் வால்வு (அழுத்தத்தைக் குறைத்து அனுப்புவது) போட்டு, அது முழுசாகத் திறந்து நின்றுவிட்டாலும் தாங்கும் அளவுக்கு அதற்குப் பின்னால் சேஃப்டி வால்வு வைக்கலாம். இல்லையென்றால் பெரிய பாய்லரையும் 10.5-க்கு இறக்கலாம். இறக்கினால் ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் போதும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அழுத்தம் குறைந்தால் அதே வால்வு வெளியேற்றும் அளவும் குறையும், 17.5-இல் தள்ளியதில் சுமார் 60 சதவீதம்தான் தள்ளும். ஸ்பிரிங்கும் அந்த ரேஞ்சுக்கு ஏற்றதாக மாற வேண்டும். அதே லோடில் ஓட்டினால் நீராவியின் கன அளவு கூடி, டிரம்மிலிருந்து தண்ணீரையும் அள்ளிக்கொண்டு போகும்.

மற்றபடி பார்த்து வைக்க வேண்டியவை:
- சூப்பர் ஹீட்டர் (நீராவியை மேலும் சூடாக்கும் குழாய்கள்) சேஃப்டி வால்வு ஏன் டிரம் வால்வுக்கு முன்னால் திறக்க வேண்டும் (டியூபில் ஓட்டம் நிற்கக் கூடாது, நின்றால் கருகிவிடும்)
- அக்யுமுலேஷன் டெஸ்ட் (சேஃப்டி வால்வு திறந்த பிறகும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது), 10 சதவீத வரம்பு
- 1923 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025 பாய்லர் சட்டம்

அப்புறம், போவதற்கு முன் உங்கள் பிளான்ட்டில் ஒவ்வொரு சேஃப்டி வால்வின் நேம் பிளேட்டையும் துடைத்துப் படியுங்கள். செட் பிரஷரும் கொள்ளளவும் அதிலேயே அடித்திருக்கும். என்னிடம் அடுத்த கேள்வியே "உங்கள் பாய்லரில் எவ்வளவு?" என்பதுதான்.