குக் பைனும் குண்டுக்கரிச்சானும்

காட்பாடியில் எங்கள் தெருக்கோடி வீட்டு வாசலில் நிற்கும் அரக்கேரியா என்ற ஊசியிலை மரத்தைத் தெருவார் அனைவரும் கிறிஸ்துமஸ் மரம் என்றே சொல்கிறார்கள். நர்சரியில் நார்ஃபோக் தீவு மரம் என்று சொல்லி விற்றார்களாம். அந்தப் பெயரில் விற்கப்படும் பல கன்றுகள் உண்மையில் நியூ கலிடோனியாவின் குக் பைன் என்ற அரக்கேரியா வகைதான். இதுவும் அவ்வாறே இருக்கும் என்று நான் எண்ணுவதற்குக் காரணம் அதன் சாய்வு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வளரும் குக் பைன்கள் தெற்கேயும், தெற்கே வளர்பவை வடக்கேயும் சராசரியாக 8.5 டிகிரி அளவுக்குச் சாய்கின்றன என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வீட்டுக்காரர் மட்டும் அதைப் புயலின் வேலை என்கிறார்.

பங்குனி பிறந்ததும் அந்த மரத்தின் நுனியில் ஒரு குண்டுக்கரிச்சான் விடியுமுன்பே வந்து அமர்ந்துவிடும். கரிய மேனி, இறக்கையில் வெள்ளைப் பட்டை, நிமிர்த்திய வால்; மற்றப் பறவைகளின் குரலையும் இடையிடையே கலந்து பாடுவது ஆண். அந்தப் பாட்டு தன் எல்லையை அறிவிப்பதற்கும் பெண்ணை அழைப்பதற்கும் உரியது. பாடி முடித்தால் அதற்கு அந்த மரத்தில் வேலையே இல்லை: புழு பொறுக்க எங்கள் முருங்கையடிக்கு இறங்கும், கூடு கட்ட மதில் பொந்தைத் தேடும். ஆலமரமும் வேம்பும் பழம் கொடுத்துப் பறவையிடம் விதையை ஒப்படைக்கின்றன. குக் பைனுக்கோ மகரந்தத்தையும் விதையையும் காற்றே சுமப்பதால், பறவையின் தயவு தேவையில்லை.

வெளிநாட்டு மரம், வெட்டிவிடலாம் என்று சிலர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். பாடும் பறவைகளின் ஆதி முன்னோர் ஆஸ்திரேலியப் பகுதியில் தோன்றியே உலகெங்கும் பரவின என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. நியூ கலிடோனியா அதற்குக் கிழக்கே உள்ள தீவு. ஆக, ஏறத்தாழ ஒரே திசையிலிருந்து ஒன்று பறந்து வந்தது, மற்றொன்றை மனிதன் கொண்டுவந்தான். இன்னொன்றும் உண்டு: இங்கிருந்து நூறு கிலோமீட்டர் அளவில் உள்ள ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைப் படிவுகளில், பாடும் பறவை என்ற இனமே உலகில் இல்லாத டைனோசர் காலத்து ஊசியிலை மரங்களின் தடங்கள் கிடைத்திருக்கின்றன. உறவுமுறை பார்த்தால் மரத்தின் கூட்டம்தான் இந்தப் பக்கத்துக்குப் பழைய குடி.

நேற்றுக் காலையில் கயிறு போன்ற சிறு கிளையொன்று காய்ந்து அப்படியே கழன்று விழுந்தது. குருவி பாட்டை நிறுத்தி, சற்றே கீழே பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.